வீட்டிலேயே இணைக்கற்றை: லென்ஸை எங்கே வைப்பது, எப்படிச் சரிபார்ப்பது

கடைகளில் விற்கும் ஜூம் டார்ச் ஒன்றை எடுத்து, அதன் தலையை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே சுவரில் அடித்துப் பாருங்கள். பரந்து கிடந்த வட்ட வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் சதுரமாகிவிடும். ஓரம் கூர்மையாக இருக்கும். சில டார்ச்சுகளில் சதுரத்துக்குள் மெல்லிய கோடுகள்கூடத் தெரியும். உள்ளே இருக்கும் எல்இடி சில்லின், அதாவது ஒளி உமிழும் குட்டிச் சதுரத் துண்டின், உருவம்தான் அது. லென்ஸ் அதைப் பெரிதாக்கிச் சுவரில் போடுகிறது.

பள்ளிப் புத்தகத்தில் 'இணைக்கற்றை' படம் வரைந்தவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். அந்தப் படத்தில் குவியத்தில் ஒரு புள்ளி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் லென்ஸைத் தாண்டியதும் ஒரே அகலத்தில் நேராகப் போகும். அப்படியானால் டார்ச்சின் வெளிச்சம் லென்ஸின் அகலத்திலேயே போயிருக்க வேண்டாமா? சில்லின் உருவம் ஏன் பெரிதாகிறது?

காரணம், எந்த விளக்கும் புள்ளி இல்லை. சில் 1 மி.மீ. அகலம் என்று வையுங்கள். அதன் நடுப்புள்ளி லென்ஸின் அச்சில் இருக்கிறது, அதிலிருந்து வரும் ஒளி அச்சுக்கு இணையாகப் போகும். அரை மி.மீ. தள்ளியிருக்கும் ஓரப்புள்ளியும் தனக்கென்று ஒரு இணைக்கற்றையை உண்டாக்குகிறது. ஆனால் அது சற்றே சாய்ந்த திசையில் போகும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கற்றை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது கற்றை விரிகிறது. எவ்வளவு விரியும் என்பதற்குக் கணக்கு மிக எளிது: விளக்கின் அகலத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் போதும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு வகுத்தலிலிருந்துதான் வருகின்றன.

என்னென்ன வேண்டும்

பூதக்கண்ணாடி ஒன்று. 5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. குவியத் தொலைவும் இருந்தால் மிக வசதி, ஆனால் எதுவானாலும் வேலைக்காகும். கைவசம் இல்லையென்றால் படிப்பதற்கான பிளஸ் பவர் மூக்குக்கண்ணாடி போதும். 100-ஐப் பவரால் வகுத்தால் குவியத் தொலைவு செ.மீ. கணக்கில் கிடைக்கும். பிளஸ் 4 என்றால் 25 செ.மீ. மைனஸ் பவர் கண்ணாடி இதற்கு ஆகாது, அது கதிர்களை இன்னும் விரிக்கத்தான் செய்யும்.

அப்புறம் பிளாஷ் விளக்கு உள்ள செல்போன், வெள்ளை விசிட்டிங் கார்டு, சமையலறை அலுமினியத்தாள், டிரேசிங் பேப்பர் துண்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ், சின்னதாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஸ்கேல், லென்ஸை நிமிர்த்தி வைக்கக் களிமண்ணோ துணி கிளிப்போ. இருட்டாக்கக்கூடிய அறை இருந்தால் நல்லது, இரவில் செய்தால் அந்தக் கவலையும் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. லென்ஸைச் சன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு எழுந்து போவதும் ஆபத்து. 10 செ.மீ. லென்ஸ் சூரியனை 1 மி.மீ.க்கும் குறைவான பொட்டாகக் குவிக்கும், அந்த இடத்தில் காகிதமோ திரைச்சீலையோ இருந்தால் பற்றிக்கொள்ளும்.

முதல் வேலை: குவியத் தொலைவை அளப்பது

லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். மலிவான பூதக்கண்ணாடிகளில் '10 மடங்கு' என்று அச்சிட்டிருப்பார்கள். அது உண்மையானால் குவியத் தொலைவு 2.5 செ.மீ. மட்டுமே இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அதைவிட நிறையவே இருக்கும்.

அளப்பது சுலபம். பகலில், அறை விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். தாளுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், சன்னலுக்கு வெளியே இருக்கும் மரமோ எதிர்வீட்டு மாடியோ தாளில் தலைகீழாக விழும். மிகத் தெளிவாக விழும் இடத்தில் தாளுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அதுதான் குவியத் தொலைவு. சன்னல் கம்பியைத் தெளிவாக்கி அளந்துவிடாதீர்கள், வெளியே தூரத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் பொருளை வைத்து 10 செ.மீ. லென்ஸை அளந்தால் 1 மி.மீ. மட்டுமே கூடுதலாகக் காட்டும். 3 மீட்டரில் இருக்கும் பொருள் என்றால் பிழை 3 மி.மீ.க்கு மேல் போய்விடும்.

இதே அளவீட்டைத் திருப்பிப் போட்டால் இணைக்கற்றை. வெகு தூரத்திலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய இணையாக வந்து குவியத்தில் சேர்கிறது. ஒளி எந்தப் பாதையில் வந்ததோ அதே பாதையில் திரும்பியும் போகும். எனவே குவியத்தில் விளக்கை வைத்தால் லென்ஸின் மறுபக்கம் இணையாக வெளியேற வேண்டும்.

விளக்கைச் சின்னதாக்குவது

செல்போன் பிளாஷை அப்படியே வைத்தால் ஒளி வரும் பரப்பு சில மி.மீ. அகலம் இருக்கும், அதன் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியும் உண்டு. சில போன்களில் இரண்டு எல்இடிகள் அருகருகே இருக்கும். இதையெல்லாம் ஒரு சின்ன ஓட்டைக்குப் பின்னால் மறைத்துவிடலாம்.

விசிட்டிங் கார்டின் பின்பக்கம் அலுமினியத்தாளை ஒட்டி, இரண்டையும் சேர்த்துக் காம்பஸ் முனையால் 1 மி.மீ. அளவுக்குக் குத்துங்கள். கார்டின் வெள்ளைப் பக்கம் லென்ஸை நோக்கி இருக்கட்டும், அது பின்னால் உதவும். போனின் பிளாஷுக்கும் கார்டுக்கும் நடுவே டிரேசிங் பேப்பரை வையுங்கள். இது முக்கியம். பேப்பர் இல்லாமல் வைத்தால் ஓட்டை வழியே சில திசைகளில் மட்டும்தான் ஒளி வரும், லென்ஸ் முழுக்க நிரம்பாது. பேப்பர் இருந்தால் ஓட்டையே ஒரு குட்டி விளக்காக எல்லாப் பக்கமும் ஒளிரும். வெளிச்சம் குறைந்துவிடும்தான், அதனால்தான் இருட்டு வேண்டும் என்றேன்.

தனி எல்இடி வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு சொல். 5 மி.மீ. குண்டுத்தலை எல்இடியில் ஏற்கெனவே ஒரு லென்ஸ் இருக்கிறது, அந்தக் குண்டுத்தலையே அதுதான். அதை அப்படியே குவியத்தில் வைத்தால் ஒளி எங்கிருந்து கிளம்புவதுபோல் நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிப்பது தலைவலி. தலையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, நைஸ் உப்புத்தாளால் மெருகேற்றிவிட்டால் தொல்லை தீரும். உள்ளே இருக்கும் சில்லைத் தேய்த்துவிடாமல் அதற்கு 1 மி.மீ. மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குவியத்தில் வைப்பதும், எல்லோரும் விழும் பள்ளமும்

போனையும் கார்டையும் ஒரு பக்கம் நிமிர்த்தி வைத்து, ஓட்டையின் உயரத்துக்கே லென்ஸின் நடுவும் வருமாறு களிமண்ணில் நிறுத்துங்கள். ஓட்டைக்கும் லென்ஸுக்கும் நீங்கள் அளந்த குவியத் தொலைவு இருக்கட்டும். உயரம் ஒத்துவராவிட்டால் கற்றை மேலேயோ கீழேயோ சாய்ந்து போகும்.

இப்போது எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் தெரியும். கை உடனே லென்ஸை நகர்த்தும், பொட்டைச் சின்னதாக்கிப் பார்க்க ஆசை வரும். அங்கேதான் பள்ளம். சுவர் 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, லென்ஸ் 10 செ.மீ. என்று வையுங்கள். லென்ஸை ஓட்டையிலிருந்து 10.5 செ.மீ.க்குக் கொண்டுபோனால் சுவரில் 2 செ.மீ. அகலத்தில் கூர்மையான அழகான பொட்டு விழும். சரியான இணைக்கற்றையோ அதே சுவரில் 7 செ.மீ. அகலத்தில் ஓரம் மங்கிய வட்டமாகத்தான் இருக்கும். பார்த்தவுடன் முதலாவதுதான் 'நல்ல கற்றை' என்று தோன்றும். சுவர் 6 மீட்டர் தூரத்தில் இருந்தால் கதை மாறிவிடும்: முதலாவது சுமார் 16 செ.மீ. அகலத்துக்குப் பரந்திருக்கும், இணைக்கற்றை 11 செ.மீ.யில் நிற்கும். முதலாவது 2 மீட்டரில் குவிந்து, அதைத் தாண்டியதும் மறுபடி விரிந்துபோன கற்றை. சுவரில் உருவம் விழுவது குவிப்பு, அதற்கு இணைக்கற்றை என்று பெயர் இல்லை.

ஜூம் டார்ச்சில் மட்டும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதன் லென்ஸின் குவியத் தொலைவு மிகக் குறைவு. உதாரணத்துக்கு 2 செ.மீ. என்றால், 2 மீட்டர் சுவரில் குவிப்பதற்கும் இணையாக்குவதற்கும் இடையே லென்ஸ் நகர வேண்டியது 0.2 மி.மீ. மட்டுமே. கையால் இழுக்கும் டார்ச்சில் அது கணக்கிலேயே வராது.

சரி, பொட்டை நம்பக் கூடாதென்றால் வேறு எதை நம்புவது? ஒரு வெள்ளை அட்டையை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லப் பின்னோக்கி நடந்துபோய்ப் பார்க்கலாம். வட்டம் எங்கேயாவது ஓரிடத்தில் சிறுத்துப் பிறகு பெருத்தால் லென்ஸ் ஓட்டையைவிட்டு அதிகம் தள்ளியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே வேகமாகப் பெருத்தால் அதிகம் நெருங்கியிருக்கிறது. எங்கும் சிறுக்காமல், மிக மெதுவாகப் பெருத்துக்கொண்டே போனால் கிட்டத்தட்ட சரி. ஆனால் இது கண்மதிப்பு. இதைவிடத் துல்லியமான வழி ஒன்று இருக்கிறது, அதற்குச் சுவரே தேவையில்லை.

கண்ணாடி வைத்துச் சரிபார்ப்பது

லென்ஸுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியை லென்ஸைப் பார்த்தவாறு நிறுத்துங்கள். லென்ஸிலிருந்து வரும் கற்றை கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அதே லென்ஸ் வழியாக மறுபடி உள்ளே வரும். திரும்பி வருவது இணைக்கற்றையாக இருந்தால் லென்ஸ் அதைத் தன் குவியத்தில் சேர்க்கும். குவியத்தில்தான் நம் கார்டு இருக்கிறது. எனவே கார்டின் வெள்ளைப் பக்கத்தில் ஓட்டையின் உருவம் அதே அளவில், கூர்மையாக விழும்.

கண்ணாடி அச்சுக்கு நேராக இருந்தால் உருவம் ஓட்டையின் மேலேயே விழுந்து கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியை இம்மியளவு சாய்த்தால் ஓட்டைக்குப் பக்கத்தில் இறங்கி வரும். இப்போது லென்ஸை ஓரிரு மி.மீ. நகர்த்தி, உருவம் மிகக் கூர்மையாகும் இடத்தில் விட்டுவிடுங்கள். 1 மி.மீ. ஓட்டையின் உருவம் மிகவும் மங்கலாகத் தெரிந்தால் முதலில் 3 மி.மீ. ஓட்டையில் பழகலாம். ஓட்டையை முக்கோணமாக வெட்டினால் இன்னும் வசதி, தலைகீழாகத் திரும்பி வருவதைப் பார்த்தே அது கண்ணாடி வழியாக வந்த உருவம் என்று புரிந்துவிடும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: கண்ணாடியை ஒரு சாணில் வைத்தாலும் ஒரு முழத்தில் வைத்தாலும் கூர்மை மாறாது. மாறினால் கற்றை இன்னும் இணையாகவில்லை என்று பொருள். அதாவது சரிபார்ப்பையே சரிபார்க்க வழி இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஒளி லென்ஸை இரண்டு தடவை கடப்பதால், லென்ஸ் 1 மி.மீ. தப்பான இடத்தில் இருந்தால் திரும்பும் உருவம் 2 மி.மீ. தள்ளிக் குவியும். பிழை இரட்டிப்பாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. லென்ஸின் பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளியும் கார்டில் பொட்டுகளாக விழும், சில சமயம் கூர்மையாகவே விழும். கண்ணாடிக்கு முன்னால் கையை வைத்து மறையுங்கள். மறைத்த பின்பும் நிற்கும் பொட்டு பொய்ப்பொட்டு, மறைந்துபோவதுதான் நமக்கு வேண்டியது.

எவ்வளவு விரிகிறது என்று அளப்பது

கண்ணாடியை எடுத்துவிடுங்கள். லென்ஸிலிருந்து 1 மீட்டரில் ஒரு முறை, 4 மீட்டரில் ஒரு முறை வட்டத்தின் விட்டத்தை அளந்து, வித்தியாசத்தை 3-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எவ்வளவு விரிகிறது என்பது வந்துவிடும். 1 மி.மீ. ஓட்டைக்கும் 10 செ.மீ. லென்ஸுக்கும் மீட்டருக்கு 10 மி.மீ. வர வேண்டும், பாகையில் சொன்னால் 0.57. மீட்டருக்கு 13, 14 என்று வந்தால் பெரும்பாலும் ஓட்டைதான் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிது. காம்பஸ் முனை கூம்பு வடிவம், கொஞ்சம் அழுத்திவிட்டாலே ஓட்டை அகன்றுவிடும்.

ஓட்டையில்லாமல் 1 வாட் எல்இடியை நேரடியாக வைத்தவர்களுக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும். சில்லின் மேல் ஒட்டியிருக்கும் அரைக்கோள மூடி, 1 மி.மீ. சில்லைச் சுமார் 1.5 மி.மீ. போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. லென்ஸுக்குத் தெரிவது அந்தப் பெரிய சில்தான்.

குறுகிய கற்றைக்குக் கொடுக்கும் விலை

விரிவைக் குறைக்க இரண்டே வழி: விளக்கைச் சின்னதாக்க வேண்டும், இல்லையேல் குவியத் தொலைவைக் கூட்ட வேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள மூன்று லென்ஸ்களையும் 1 மி.மீ. எல்இடி சில்லையும் வைத்துக் கணக்குப் போடுவோம்.

குவியத் தொலைவு 5 செ.மீ. என்றால் 10 மீட்டர் தூரத்தில் வட்டம் 25 செ.மீ. அகலம் இருக்கும். 10 செ.மீ. லென்ஸில் அது 15 செ.மீ., 20 செ.மீ. லென்ஸில் 10 செ.மீ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்கிலிருந்து லென்ஸ் விலக விலக, அதன் மேல் விழும் ஒளி குறைகிறது. முன்பக்கம் முழுக்கப் பரப்பும் சாதாரண எல்இடியின் ஒளியில் முதல் லென்ஸ் பிடிப்பது சுமார் 20 சதவீதம். இரண்டாவது 6 சதவீதம். மூன்றாவது 1.5 சதவீதம்தான். மீதியெல்லாம் பக்கவாட்டில் வீணாகப் போகிறது. ஜூம் டார்ச்சின் தலையை வெளியே இழுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. வெளிச்சம் ஒன்று திரண்டதுபோல் தோன்றும். மொத்த ஒளி குறைந்துவிட்டிருக்கும்.

அப்படியானால் தூரத்தில் அதிகப் பிரகாசம் கிடைக்க எந்த லென்ஸ் நல்லது? இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். வெகு தூரத்தில் வட்டத்தின் நடுப்பகுதி எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதைக் குவியத் தொலைவு தீர்மானிப்பதே இல்லை. நீள லென்ஸ் ஒளியைக் குறைவாகப் பிடித்து, குறுகிய வட்டத்தில் போடுகிறது. குட்டை லென்ஸ் நிறையப் பிடித்து, அகலமான வட்டத்தில் போடுகிறது. இரண்டும் ஈடாகிவிடும். நடுப் பிரகாசத்தைக் கூட்ட வேண்டுமென்றால் லென்ஸின் விட்டத்தைக் கூட்ட வேண்டும், அல்லது சதுர மி.மீ.க்கு அதிக ஒளி தரும் சில்லைத் தேட வேண்டும். அகலமான சில் வைத்து வாட்டைக் கூட்டிய டார்ச், தூரத்தில் ஒரு சின்னச் சில் டார்ச்சிடம் தோற்பது இதனால்தான். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்கு இது தெரிந்தால் பணம் மிச்சம்.

ஒளிபுகும் கண்ணாடிகளை எத்தனை அடுக்கினாலும், ஒரு சில்லின் பரப்பில் இருக்கும் பிரகாசத்தை அதைவிட அதிகமாக்க முடியாது என்பது ஒளியியலின் அடிப்படை விதி. 'இன்னொரு லென்ஸ் சேர்த்தால் சரியாகிவிடும்' என்று தோன்றும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸை எந்தப் பக்கம் வைப்பது

இருபுறமும் குவிந்த பூதக்கண்ணாடிக்குப் பக்கம் ஒரு பொருட்டில்லை. ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு என்றிருக்கும் லென்ஸ் கிடைத்தால் தட்டைப் பக்கம் விளக்கை நோக்கியும், குவிந்த பக்கம் கற்றை வெளியேறும் திசையிலும் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கோளப் பிறழ்ச்சி ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். அதாவது லென்ஸின் ஓரம் வழியே போகும் கதிர்களும் நடு வழியே போகும் கதிர்களும் ஒத்துப்போகாது. சரியான பக்கம் வைத்தால் வேலை இரண்டு பரப்புக்கும் பங்காகிறது, ஒவ்வொன்றிலும் கதிர் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. ஒரே பரப்பில் மொத்தமாக வளைக்கும்போதுதான் ஓரக் கதிர்கள் அளவுக்கு மீறி வளைந்துவிடும்.

வட்டத்தின் விளிம்பில் நீலமோ செம்மஞ்சளோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், லென்ஸ் கெட்டுப்போகவில்லை. சாதாரணக் கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிடச் சற்று அதிகமாக வளைக்கும். 10 செ.மீ. லென்ஸில் இரண்டு நிறங்களின் குவியங்களுக்கும் சுமார் 1.5 மி.மீ. இடைவெளி இருக்கும். ஓட்டையின் மேல் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டினால் இந்தத் தொல்லை போய்விடும்.

கல்லூரி ஆய்வகத்தில் இதே வேலை

பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்கள், ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அதன் இணையாக்கி, நாம் செய்த சாதனம்தான்: ஒரு முனையில் பிளவு, மறுமுனையில் லென்ஸ், இரண்டுக்கும் நடுவே தூரத்தை மாற்ற ஒரு திருகு. 'முதலில் தொலைநோக்கியைச் சன்னலுக்கு வெளியே தூரப் பொருளுக்குச் சரிசெய், பிறகு அதைத் தொடாதே, இணையாக்கியை மட்டும் திருகிப் பிளவைத் தெளிவாக்கு' என்று செய்முறை நோட்டில் எழுதச் சொல்வார்கள். பலர் ஏனென்று கேட்காமலே எழுதிவிடுவார்கள்.

தூரப் பொருளுக்குச் சரிசெய்த தொலைநோக்கி, இணையாக வரும் ஒளியை மட்டுமே கூர்மையாகக் காட்டும். ஆகவே அது ஒரு சோதனைக் கருவியாகிவிடுகிறது. அதன் வழியே பார்க்கும்போது பிளவு கூர்மையாகத் தெரிந்தால், இணையாக்கியிலிருந்து வரும் ஒளி இணையானது என்று அர்த்தம். நடுவில் தொலைநோக்கியைத் திருகிவிட்டால் அளவுகோலையே மாற்றிவிட்டது போலாகும். பிளவு அப்போதும் கூர்மையாகத் தெரியலாம், ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

வீட்டில் தொலைநோக்கிக்குப் பதில் இன்னொரு போனின் கேமரா போதும். புரோ மோடில் போகஸை மலைச் சின்னம் உள்ள முனைக்குத் தள்ளி, முதலில் தூரத்துக் கட்டடம் ஒன்று தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் லென்ஸுக்கு நேர் எதிரே கேமராவை வைத்தால் ஓட்டை கூர்மையான வட்டமாகத் திரையில் தெரிய வேண்டும். டிரேசிங் பேப்பரும் ஓட்டையும் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். வெறும் எல்இடியையோ லேசரையோ இப்படி நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, கண்ணாலும் கூடாது, கேமராவாலும் கூடாது.

பெரிய லென்ஸ் வேண்டுமென்றால்

விட்டம் பெரிதாகவும் குவியத் தொலைவு குறைவாகவும் இருக்கும் லென்ஸ் மிகத் தடிமனாகிவிடும். கலங்கரை விளக்கங்களுக்கு இதுதான் சிக்கலாக இருந்தது. பிரான்சின் ஒகுஸ்தென் பிரெனெல், லென்ஸின் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் சும்மாக் கண்ணாடியை நீக்கி, வளையம் வளையமாக அடுக்கினார். கிரோந்து முகத்துவாரத்தில் இருக்கும் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823-இல் அப்படிப்பட்ட லென்ஸ் பொருத்தப்பட்டது. முதல் தரம் என்று வகைப்படுத்தப்பட்ட பெரிய கலங்கரை லென்ஸ்களின் குவியத் தொலைவு 920 மி.மீ. அதன் நடுவே 9 செ.மீ. அகலமுள்ள எண்ணெய்ச் சுடர் எரிந்தால், நம் வகுத்தல் கணக்குப்படி கற்றை 5.6 பாகை விரியும்.

கலங்கரை விளக்கத்துக்கு இந்த விரிவு தேவையும்கூட. லென்ஸ் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், 5.6 பாகைக் கற்றை ஒரு கப்பலைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அரைப் பாகைக்குச் சுருக்கிவிட்டால் மாலுமியின் கண்ணுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் தெரியும், அசந்தால் தவறிவிடும்.

புத்தகப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்க விற்கும் பிளாஸ்டிக் தாள் லென்ஸ் இதே வகை. மலிவு, அகலம், எடையும் இல்லை. கைவைத்தால் சொரசொரப்பாக இருக்கும் வரிப்பக்கம் கற்றை வெளியேறும் திசையிலும், வழுவழுப்பான பக்கம் விளக்கை நோக்கியும் இருக்கட்டும். உருவம் சுமாராகத்தான் வரும், வெளிச்சம் பாய்ச்ச அது போதும். வேலை முடிந்ததும் தவறாமல் உறைக்குள் போட்டு வையுங்கள், இந்த அகலத்துக்கு வெயிலில் நெருப்பு பற்றவைப்பது அதற்கு மிகச் சுலபம்.

லேசர் டையோடு

லேசர் என்றாலே நேராகப் போகும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. டையோடிலிருந்து வெளியேறும்போது லேசர் ஒளியும் தாராளமாக விரிகிறது, அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் குறைவாக. பாயிண்டரின் முனையில் இருக்கும் சின்ன லென்ஸ்தான் அதை இணையாக்குகிறது. ஒளி கிளம்பும் இடம் மைக்ரான் கணக்கில் இருப்பதால் நம் வகுத்தலின் விடை மிகச் சிறியதாகி, வேறொரு எல்லை குறுக்கே வருகிறது. ஒளி அலை என்பதால், குறுகிய கற்றை தானாகவே விரியும். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் 1 மி.மீ. அகலத்தில் கிளம்பினால் 100 மீட்டருக்குள் மிகச் சிறந்த லென்ஸை வைத்தாலும் சுமார் 8 செ.மீ. பரந்துவிடும். விரிவைக் குறைக்கக் கற்றையை முதலில் அகலப்படுத்த வேண்டும். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களுக்கு லேசர் அனுப்புகிறவர்கள் அதைப் பெரிய தொலைநோக்கி வழியாக விரித்து அனுப்புவது இதற்காகத்தான். ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு மட்டும் விரிந்தாலே நிலவில் அது 2 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

டையோடும் லென்ஸும் சேர்ந்த லேசர் மாட்யூல் வாங்கிச் செய்பவர்கள் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கற்றையை ஒருபோதும் கண் மட்டத்தில் ஓட விடாதீர்கள், அந்தப் பக்கம் கண்ணாடியோ எவர்சில்வர் பாத்திரமோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் இருக்கும் பித்தளை வளையம் மரை மேல் நகரும். முன்பு சொன்ன 'சுவரை நம்பாதே' விதி இங்கே தளர்கிறது, குவியத் தொலைவு சில மி.மீ. மட்டுமே என்பதால். 10 மீட்டர் தூரச் சுவரில் பொட்டு மிகச் சிறிதாகும்வரை வளையத்தைத் திருப்பினால் போதும். ஆனால் கை நிதானமாக இருக்க வேண்டும். 5 மி.மீ. லென்ஸில் நூறில் ஒரு மி.மீ. பிசகினாலே 10 மீட்டரில் பொட்டு ஒரு செ.மீ.க்கு மேல் பெருத்துவிடும். சரியான இடம் கிடைத்ததும் வளையத்தின் ஓரத்தில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள், மரை நகராது. மறுபடி திருப்ப வேண்டியிருந்தால் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், லென்ஸில் மட்டும் அது படக் கூடாது, பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் வெளுத்துப்போகும்.